‘விசுவாசமான வேலைக்காரி’ என்ற அட்டையை என்ன செய்வது?

கேள்வி: தையற்பெட்டி

வணக்கம். வர்ஜீனியாவில் ஒரு சிறிய வரலாற்று அருங்காட்சியகத்தில் வாரம் இரண்டு நாள் தன்னார்வலராக வேலை செய்கிறேன். அதன் பெயர் இங்கே வேண்டாம். நூலக அறிவியல் படித்தவள் என்பதால், பழைய தட்டச்சு அட்டைகளைக் கணினிப் பட்டியலில் ஏற்றும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். 600 அட்டைகளுக்கு மேல் ஏற்றிவிட்டேன். போன மாதம் ஓர் அட்டையில் கை நின்றுவிட்டது.

பொருள் ஓர் ஒட்டுப்போர்வை. இங்கே குவில்ட் என்பார்கள். அட்டை 1938இல் அடித்தது. ‘குடும்பத்தின் விசுவாசமான வேலைக்காரி ஒருத்தி தைத்தது, 1850கள்’ என்று இருக்கிறது. அதன் கீழே போர்வையைக் கொடுத்தவரின் முழுப்பெயர், அவருடைய தந்தையின் பெயர், பாட்டனாரின் பெயர், பாட்டனார் வகித்த ராணுவப் பதவி எல்லாம் வரிசையாக இருக்கின்றன. தைத்தவளுக்கு மட்டும் பெயர் கிடையாது.

நானும் தைப்பவள். அந்தப் போர்வையில் ஓர் அங்குலத்துக்குப் பதினொரு தையல் எண்ணினேன். இன்னோர் இடத்தில் எண்ணினேன், அங்கும் பதினொன்று. பகல் முழுவதும் பிறர் வேலையைச் செய்து முடித்த பிறகு, எந்த வெளிச்சத்தில் இதைத் தைத்திருப்பாள்? இந்தக் கேள்வியோடுதான் அன்று வீட்டுக்குப் போனேன்.

மறுவாரம் அந்தக் குடும்பத்தின் கோப்பைத் தேடி எடுத்தேன். குடும்பத்தலைவர் இறந்தபோது நீதிமன்றத்துக்காக எடுத்த சொத்துப் பட்டியலின் நகல் அதில் இருந்தது. கறவை மாடுகளுக்கும் ஒரு தறிக்கும் நடுவே பதினான்கு மனிதர்கள். ஒவ்வொருவருக்கும் எதிரே டாலரில் ஒரு விலை. அவர்களில் ஒரு பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில் ‘தையல்காரி’ என்று எழுதியிருக்கிறது. அவள் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவளுடைய வாரிசுகள் இந்த மாவட்டத்திலேயே இருக்கலாம். அவர்களுக்குத் தெரிவதற்கு முன் ஊருக்குச் சொல்வது முறையல்ல என்று படுகிறது.

எங்கள் இயக்குநருக்கு அட்டையை மாற்றச் சம்மதம். அறங்காவலர் ஒருவர் தடுக்கிறார். “வேலைக்காரி என்பது அந்தக் காலத்துச் சொல், இன்றைய கண்ணோடு திருத்தினால் அது வரலாற்றை அழிப்பது” என்பது அவர் வாதம். இன்னொரு தன்னார்வலர் அட்டையைக் கிழித்தெறியச் சொல்கிறார். எனக்கு இரண்டிலும் மனம் ஒப்பவில்லை. பழைய வாசகத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவதா? சொத்துப் பட்டியலில் உள்ள தையல்காரிதான் இதைத் தைத்தாள் என்று உறுதியில்லாதபோது, அவள் பெயரை எப்படி எழுதுவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: ஏட்டுச்சுவடி

சகோதரி, அட்டையைக் கிழிக்க விடாதீர்கள். பல்கலைக்கழக நூலகத்தில் முப்பது ஆண்டு பட்டியல் பிரிவில் இருந்தவன் சொல்கிறேன். அந்த அட்டையும் இப்போது ஒரு ஆவணம். 1938இல் அந்த ஊர் தன்னைப் பற்றி என்ன நம்ப விரும்பியது என்பதற்குச் சாட்சி அது. கணினிப் பட்டியலில் ‘முந்தைய விவரிப்பு’ என்று தனிப் புலம் (தகவல் கட்டம்) ஒன்றை உண்டாக்கி, பழைய வாசகத்தை மேற்கோள் குறிக்குள், ஆண்டோடு அப்படியே வையுங்கள். முதன்மை விவரிப்பைப் புதிதாக எழுதுங்கள். யார், எப்போது, எந்த ஆதாரத்தைக் கொண்டு மாற்றினார்கள் என்பதையும் பதியுங்கள். நாளை உங்களைத் திருத்த ஒருவர் வருவார். அவருக்கு இந்தத் தடம் வேண்டும்.

சொற்களை மாற்றுவது அற்ப வேலை என்று யாராவது சொன்னால் ஹோவர்டு பல்கலைக்கழகத்தின் டாரத்தி போர்ட்டரைப் பற்றிச் சொல்லுங்கள். 1930இல் அங்கே கறுப்பின மக்களின் நூல்தொகுப்பைப் பொறுப்பேற்றவர். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்குவது டூயி பகுப்பு முறை. அன்று அதைப் பின்பற்றிய நூலகங்களில், கறுப்பினத்தவர் எழுதியவை 325, 326 என்ற இரண்டு எண்களுக்குள் அடைக்கப்பட்டன. ஒன்று குடியேற்றம், மற்றது அடிமைமுறை. ஜேம்ஸ் வெல்டன் ஜான்சனின் கவிதை நூல்கூட 325இல் போய் உட்கார்ந்தது. கவிஞன் கறுப்பன் என்பதால் கவிதை அலமாரியில் அவனுக்கு இடமில்லை! போர்ட்டர் அதை ஏற்கவில்லை. கவிதையைக் கவிதையோடும், இசையை இசையோடும், மருத்துவத்தை மருத்துவத்தோடும் வைத்துத் தொகுப்பை அடுக்கினார். தேடி வருபவன் கண்ணில் எது படும், எது படாது என்பதை அலமாரி எண்தான் முடிவு செய்கிறது.

உங்கள் அறங்காவலர் போன்றவர்கள் நாடாளுமன்றத்திலும் இருந்தார்கள். நூல்களைப் பட்டியலில் தேடப் பயன்படும் பொருள் தலைப்புகளில் ஒன்றான ‘சட்டவிரோத அந்நியர்கள்’ என்பதை மாற்றும்படி டார்ட்மவுத் கல்லூரி மாணவர்கள் 2014இல் கேட்டார்கள். 2016இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இசைந்தது. உடனே அரசியல் குறுக்கிட்டது. 2021 இறுதியில்தான் ‘குடியுரிமை இல்லாதோர்’, ‘சட்டவிரோதக் குடியேற்றம்’ என்று அதை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு தலைப்பை மாற்ற ஏழு ஆண்டுகள். அந்த ஏழு ஆண்டும் தங்களைப் போன்றவர்களைப் பற்றி நூலகத்தில் தேடியவர்கள் அந்தச் சொல்லைத்தான் பார்த்திருப்பார்கள்.

பதில்: நதிக்கரை

தையற்பெட்டி, உங்கள் நோக்கத்தை மதிக்கிறேன். ஆனாலும் என் ஐயத்தைச் சொல்லியாக வேண்டும். சொல்லை மாற்றுவதற்குச் செலவில்லை, அதனால்தான் எல்லா நிறுவனங்களும் முதலில் சொல்லை மாற்றுகின்றன. 2015இல் மெலன் அறக்கட்டளை அமெரிக்கக் கலை அருங்காட்சியகங்களில் ஒரு கணக்கெடுப்பை வெளியிட்டது. காப்பாட்சியர், பாதுகாப்பு வல்லுநர், கல்வியாளர், தலைமைப் பொறுப்பில் இருப்போர் ஆகியோரில் 84 விழுக்காடு வெள்ளையர், 4 விழுக்காடுதான் கறுப்பினத்தவர். அட்டையில் என்ன எழுதுவது என்று முடிவு செய்யும் மேசையைச் சுற்றி இருப்பவர்கள் இவர்களே. சம்பளமில்லாத பயிற்சிப் பணி வழியாகத்தான் உள்ளே வர முடியும் என்றால், வீட்டில் வசதி உள்ள பிள்ளைதான் வரும்.

நூலகத்திலும் இதே கதைதான். சிகாகோ பொது நூலகம் 2019இல் தாமதக் கட்டணத்தை நீக்கியது. அதற்கு முன், கறுப்பின மக்கள் அதிகம் வாழும் தெற்குப் பகுதியில் மூன்றில் ஓர் உறுப்பினர் அட்டை கட்டணப் பாக்கியால் முடங்கிக் கிடந்தது. வடக்குப் பகுதியில் ஆறில் ஒன்று. அந்தக் கட்டணத்தை எடுத்ததும் பிள்ளைகள் கையில் புத்தகம் போனது. எந்த அட்டை வாசகமும் அதைச் செய்யவில்லை.

இன்னொன்று. அறங்காவலர் சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது. அந்தக் காலத்து எஜமானர்கள் தங்கள் கடிதங்களில் ‘வேலைக்காரர்கள்’ என்றுதான் எழுதினார்கள். அதை மறைக்க வேண்டாம்.

பதில்: மணற்கேணி

நதிக்கரை சொன்ன கடைசிப் புள்ளியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அறங்காவலருக்கான பதில் அங்கேதான் இருக்கிறது. எஜமானர்கள் கடிதத்தில் ‘வேலைக்காரர்’ என்று எழுதியது உண்மை. அதே எஜமானரின் வீட்டுக்கு 1850, 1860 ஆண்டுகளில் கணக்கெடுப்பாளர் வந்தபோது, அவர் கையில் இருந்த இரண்டாம் படிவத்தின் தலைப்பு ‘அடிமைக் குடியிருப்போர்’. அரசாங்கமே அச்சிட்டது. அதில் உரிமையாளரின் பெயருக்கு ஓர் இடம் உண்டு. அவருக்குக் கீழே உள்ளவர்களுக்கு வயது, பால், நிறம், தப்பி ஓடியவரா என்பன போன்ற கட்டங்கள்தான். பெயருக்குக் கட்டமே இல்லை. ஆகவே அந்தக் காலத்தில் இரண்டு சொற்களும் இருந்தன. விருந்தினர் காதில் விழ ஒன்று, கணக்குக்கும் நீதிமன்றத்துக்கும் இன்னொன்று. உங்கள் அட்டை முதல் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டது. ‘அடிமைப்படுத்தப்பட்ட பெண்’ என்று எழுதினால் விடுபட்டதைத் திரும்பச் சேர்க்கிறீர்கள், அவ்வளவே. சொத்துப் பட்டியலின் நகலை அறங்காவலர் முன் வையுங்கள். அவரே படிக்கட்டும்.

அருங்காட்சியகக் கல்விப் பிரிவில் இருக்கிறேன். கலைஞர் ஃப்ரெட் வில்சன் 1992இல் மேரிலாந்து வரலாற்றுச் சங்கத்தின் கிடங்குக்குள் இறங்கி, அங்கிருந்த பொருள்களை வைத்தே ஒரு காட்சி அமைத்தார். ஒரு கண்ணாடிப் பெட்டியில் அழகான வெள்ளிப் பாத்திரங்கள். அவற்றின் நடுவே அடிமைகளின் கால்விலங்கு. பெட்டிக்குத் தலைப்பு ‘உலோக வேலைப்பாடு, 1793–1880’. இரண்டும் அதே சங்கத்தின் உடைமை. வெள்ளி கூடத்தில் இருந்தது, விலங்கு கிடங்கில் கிடந்தது. உங்கள் போர்வையின் பக்கத்தில் சொத்துப் பட்டியலின் அந்தப் பக்கத்தை வைத்தால் போதும் என்பேன். பக்கம் பக்கமாக விளக்கம் எழுதத் தேவையில்லை.

பெயரைப் பற்றி. உறுதியில்லை என்றால் உறுதியில்லை என்று எழுதுங்கள். ‘தைத்தவர் இவராக இருக்கலாம். சொத்துப் பட்டியல் இவரைத் தையல்காரி என்று குறிப்பிடுகிறது.’ இது நேர்மையான வாக்கியம். வர்ஜீனியாவில் உங்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. 1866இல், விடுதலை பெற்ற தம்பதியரின் திருமணத்தைச் சட்டம் ஏற்றுக்கொண்டபோது, சில மாவட்டங்களில் அவர்களுடைய பெயர்களைப் பதிவேட்டில் எழுதினார்கள். கணவன், மனைவி, வயது, பிறந்த இடம், பிள்ளைகள், அதோடு ‘கடைசி உரிமையாளர்’ என்ற கட்டமும் அதில் உண்டு. தப்பிப் பிழைத்த பதிவேடுகள் வர்ஜீனியா மாநில நூலகத்தின் இணையத் தொகுப்பில் கிடைக்கின்றன. அதில் கிடைத்தால் அங்கிருந்து 1870 கணக்கெடுப்புக்கு வாருங்கள். விடுதலை பெற்ற அத்தனை பேரையும் பெயரோடு எழுதிய முதல் கணக்கெடுப்பு அது.

அதன் பிறகு, வாரிசுகளைத் தேடி, உங்கள் மாவட்டத்துக் கறுப்பின மக்களின் திருச்சபைகளுக்குப் போங்கள். வெறும் கையோடு, கேட்பதற்காகப் போங்கள். அவர்கள் ஏன் இதுவரை உங்கள் கட்டடத்துக்கு வரவில்லை என்று வியக்காதீர்கள். 1939 ஆகஸ்டில் இதே வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியா நகர நூலகத்தில் ஐந்து கறுப்பின இளைஞர்கள் உறுப்பினர் அட்டை கேட்டார்கள். மறுத்ததும் ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்து படித்தார்கள். போலீஸ் வந்து கைது செய்தது. அதை ஏற்பாடு செய்த வழக்கறிஞர் சாமுவேல் டக்கர், பிறகு கறுப்பினத்தவருக்கென்று தனியாகக் கட்டிய நூலகத்தின் அட்டையைக் கொடுத்தபோது வேண்டாம் என்று எழுதிவிட்டார். டான்வில் நகரம் இன்னும் ஒரு படி மேலே போனது. 1960இல் நீதிமன்ற உத்தரவால் எல்லாரையும் அனுமதிக்க வேண்டி வந்தபோது, நூலகத்தையே சில மாதம் மூடியது. திறந்தபோது நாற்காலிகளையும் மேசைகளையும் அகற்றியிருந்தது. கறுப்பினத்தவர் பக்கத்தில் உட்கார நேராமல் இருக்க, யாருமே உட்காராமல் நின்று புத்தகம் எடுத்துப் போக வேண்டும்! நீங்கள் திருச்சபையில் சந்திக்கப்போகும் பாட்டிகளுக்கு அன்று பத்துப் பதினைந்து வயது.

நதிக்கரை, மேசையைச் சுற்றி யார் என்று கேட்டீர்களே, அதுவும் இதே மாநிலத்தில் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் நான்காம் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் மேடிசனின் இல்லமான மான்ட்பெலியரில் அடிமைப்படுத்தப்பட்டோரின் வாரிசுகள் நிர்வாகக் குழுவில் சம இடம் கேட்டுப் போராடி, 2022இல் பெற்றார்கள். நீங்கள் கேட்கும் மாற்றத்தையும் தையற்பெட்டி கேட்கும் மாற்றத்தையும் நான் பிரித்துப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் பெயர் தெரிந்தால்தான் அவளுடைய கொள்ளுப்பேத்தியை மேசைக்கு அழைக்க முடியும்.

மீண்டும்: தையற்பெட்டி

எல்லோருக்கும் நன்றி. ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன்.

எங்கள் மாவட்டத்துப் பதிவேடு தப்பியிருக்கிறது. அதே முதற்பெயர், பொருந்தும் வயது, ‘கடைசி உரிமையாளர்’ கட்டத்தில் அதே குடும்பம். கணவன் பெயரும் நான்கு பிள்ளைகளின் பெயரும் உள்ளன. 1870 கணக்கெடுப்பில் அவர்கள் ஒரு குடும்பப்பெயரோடு வருகிறார்கள். அந்தக் குடும்பப்பெயரை நான் இங்கே ஒரு தபால்பெட்டியில் பார்த்திருக்கிறேன். திரையின் முன் உட்கார்ந்து அழுதேன்.

ஏட்டுச்சுவடி ஐயா, முந்தைய விவரிப்புப் புலத்தை உண்டாக்கிவிட்டேன். தேடியதில் ‘விசுவாசமான’ என்ற சொல் இன்னும் ஒன்பது அட்டைகளில் இருக்கிறது. ஒவ்வொன்றாக எடுக்கப்போகிறேன்.

அறங்காவலர் நகலைப் படித்தார். நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, பழைய அட்டையையும் காட்சியில் வைக்க வேண்டும் என்றார். அதற்கு நான் உடன்பட்டேன்.

திருச்சபையில் ஒரு மூதாட்டியைச் சந்தித்தேன். எண்பது வயதைத் தாண்டியவர். நான் கொண்டுபோன தாள்களை மடியில் வைத்துக்கொண்டு, நான்கு பிள்ளைகளின் பெயரையும் வாய்விட்டுப் படித்தார். மூன்றாவது பெயரில் நிறுத்தி, “இவர் என் பாட்டனாரின் அப்பா” என்றார். சிறுமியாக இருந்தபோது எங்கள் அருங்காட்சியகத்தின் வாசல்வரை வந்திருக்கிறாராம். உள்ளே விடவில்லை. போர்வையின் புகைப்படத்தைக் காட்டியபோது முகம் சுருங்கியது. “மேற்பக்கத்தை மட்டும் எடுத்திருக்கிறாயே. தைத்தவள் கை பின்பக்கத்தில்தான் தெரியும்” என்றார். தையல் தெரிந்த எனக்கு இது தோன்றாமல் போய்விட்டது. 1938 முதல் அந்தப் போர்வையை யாரும் திருப்பி வைத்ததாகப் பதிவு இல்லை.

அட்டை வாசகத்தை இன்னும் எழுதவில்லை. அவர் பார்த்த பிறகுதான் எழுதுவது என்று இயக்குநரும் நானும் முடிவு செய்திருக்கிறோம். வரும் வியாழக்கிழமை மகளையும் பேத்தியையும் அழைத்துக்கொண்டு வருகிறார். படிகள் ஏற முடியாது என்பதால் கீழ்த்தளத்தில் பெரிய மேசையைத் துடைத்து, வெள்ளைத்துணி போட்டு, போர்வையைப் பின்பக்கம் மேலே இருக்கும்படி விரிக்கப்போகிறேன். நான்கு நாற்காலிகள் போட்டாயிற்று.