கால்புரோடெக்டின் 640: கோயம்புத்தூருக்கு இறங்குவதற்கு முன் சில கேள்விகள்

கட்டபெட்டுக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிப் பக்கம் கட்டபெட்டில் இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. என் தம்பிக்கு வயது 24. ஐந்து மாதங்களாக நாளுக்கு ஆறேழு முறை வயிற்றுப்போக்கு; சில நாள்களில் இரத்தமும் சளியும் கலந்து போகிறது. சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் தொப்புளுக்கு வலப்புறம் கீழே முறுக்கிப் பிடிக்கிறது. எடை 61 கிலோவிலிருந்து 52-க்கு இறங்கிவிட்டது. முதலில் பார்த்த மருத்துவர் மூலநோய் என்றார். அடுத்தவர் அமீபா என்று மூன்று தடவை மாத்திரை கொடுத்தார்; நின்றது போல் நின்று மறுபடியும் தொடங்கியது.

சென்ற வாரம் கோயம்புத்தூரில் ஒரு குடல்நோய் மருத்துவரைப் பார்த்தோம். அவர் சொன்னபடி மலத்தில் கால்புரோடெக்டின் பரிசோதனை செய்ததில் 640 என்று வந்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, குரோன் நோயாக (குடலில் நீடித்து வரும் அழற்சி நோய்) இருக்கலாம், குடல் காசநோயாகவும் இருக்கலாம், கொலோனோஸ்கோபியும் (ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) எம்.ஆர். என்டெரோகிராபியும் (சிறுகுடலை எடுக்கும் எம்.ஆர். ஸ்கேன்) செய்த பிறகுதான் சொல்ல முடியும் என்கிறார். இவ்வளவு உயர்ந்த எண் வந்த பிறகும் நோய் இன்னதென்று சொல்ல முடியாதா? இரத்தத்திலேயே கண்டுபிடிக்கும் புதிய பரிசோதனை ஏதும் இல்லையா? குழாய் விடுவதற்குத் தம்பி பயப்படுகிறான். விழுங்கும் கேமரா மாத்திரை போதாதா?

பழைய லேப்காரர், குன்னூர்:

ஆய்வகத்தில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் அந்த 640-ஐப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கால்புரோடெக்டின் என்பது நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களுக்குள் இருக்கும் புரதம். குடல் சுவரில் அழற்சி உண்டானால் அந்த அணுக்கள் அங்கே திரண்டு, குடலுக்குள் கசிந்து, மலத்தோடு வெளியேறுகின்றன. ஒரு கிராம் மலத்தில் 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் அழற்சிக்கு வாய்ப்புக் குறைவு. 250-ஐத் தாண்டினால் அழற்சி இருப்பதாகப் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். இடையில் வந்தால் சில வாரம் கழித்துத் திரும்பப் பார்ப்பார்கள். வெறும் குடல் எரிச்சல் என்று ஆண்டுக்கணக்கில் அலைக்கழிக்கப்பட்டவர்களை இந்த எண்தான் சரியான மருத்துவரிடம் கொண்டு சேர்க்கிறது. ஆனால் அழற்சி உண்டு என்று சொல்லுமே தவிர, எதனால் என்று சொல்லாது. குரோன் நோயிலும், பெருங்குடலில் புண் உண்டாக்கும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸிலும் உயரும். காசநோயிலும் சீதபேதியிலும் உயரும். டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளாலும் உயரும். தம்பி அப்படி ஏதேனும் சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள்.

மலைக்காரர்களுக்கு இந்தப் பரிசோதனையில் ஒரு வசதி உண்டு. அமீபாவை நுண்நோக்கியில் உயிரோடு பார்க்க வேண்டுமானால் மலம் கழித்த அரை மணி நேரத்துக்குள் பார்த்தாக வேண்டும்; டப்பா பஸ்ஸில் மேட்டுப்பாளையம் போய்ச் சேர்வதற்குள் அது அசைவை நிறுத்திவிடும். (அசையாத வெள்ளணுவைப் பார்த்து அமீபா என்று எழுதிய ரிப்போர்ட்டுகள் என் கண்ணில் நிறையப் பட்டிருக்கின்றன.) கால்புரோடெக்டினோ அறை வெப்பத்திலேயே இரண்டு மூன்று நாள் கெடாமல் இருக்கும்.

உதகை வாசகி:

நான் திசுநோயியல் (உடலிலிருந்து எடுத்த சதையை நுண்நோக்கியில் பார்த்து நோயறிவது) படித்தவள். உங்கள் தம்பியை நேரில் பார்க்காததால் பொதுவாகவே எழுதுகிறேன்.

இரத்தத்தைப் பொறுத்தவரை, ஆஸ்கா, பி-ஆன்கா என்ற எதிர்ப்பொருள்களைக் கொண்டு குரோனையும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸையும் பிரித்துப் பார்க்க முயன்றார்கள். காசநோயாளிகளிடமும் ஆஸ்கா காணப்படுவதால் நம் ஊர்க் கேள்விக்கு அது விடை தருவதில்லை. 2001-இல் குரோன் நோயோடு தொடர்புடையதாக முதலில் அறியப்பட்ட நாட்-2 மரபணுவின் மாற்றங்களும் ஐரோப்பியர்களிடம் காணப்படும் அளவுக்கு இந்தியர்களிடம் இல்லை.

கேமரா மாத்திரை சுமார் 26 மில்லிமீட்டர் நீளமும் 11 மில்லிமீட்டர் பருமனும் உள்ளது. சாப்பிட்டதும் முறுக்கிப் பிடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். குடல் எங்கேனும் சுருங்கியிருந்தால் மாத்திரை அங்கேயே சிக்கிக்கொள்ளும், பிறகு அதை எடுக்கவே அறுவை தேவைப்படலாம். எம்.ஆர். என்டெரோகிராபியில் அந்தச் சுருக்கம் தெரியும், கதிர்வீச்சும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மாத்திரை பார்க்குமே தவிர கிள்ளி எடுக்காது. உங்கள் தம்பிக்கு இப்போது வேண்டியது அந்தக் கிள்ளிய சதைதான்.

குரோன் நோயும் குடல் காசநோயும் சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் அதே மூலையைத்தான் அதிகம் பிடிக்கின்றன. குரோன் நோயில் புண்கள் குடலின் நீளவாக்கில் ஓடும், இடையிடையே நல்ல பகுதி இருக்கும். காசநோயில் குறுக்குவாக்கில் சுற்றிவரும். நுண்நோக்கியில் காசநோயின் கட்டிகள் பெரியவை, ஒன்றோடொன்று சேர்ந்தவை, நடுவில் பாலாடைக்கட்டி போல் சிதைந்தவை. பாடத்தில் இப்படித்தான் இருக்கிறது; மேசைக்கு வரும் துண்டுகளில் பாதிக்கு மேல் இவ்வளவு நேர்த்தியாக இருப்பதில்லை. அதனால்தான் சிறுகுடல் நுனி, மலக்குடல் உட்பட ஐந்து இடங்களிலாவது, ஒவ்வோர் இடத்திலும் இரண்டு துண்டுகள் எடுக்கச் சொல்கிறார்கள். பார்வைக்கு நன்றாக இருக்கும் இடத்திலிருந்தும் எடுப்பது அவசியம்.

இன்னொன்றை மறக்காமல் கேளுங்கள். எல்லாத் துண்டுகளையும் ஃபார்மலினில் (சதை கெடாமல் காக்கும் திரவம்) போட்டுவிட்டால் கிருமி செத்துவிடும், பிறகு கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது) செய்ய முடியாது. சில துண்டுகளைத் தனியாகச் சாதாரண சலைனில் வைத்து, ஜீன் எக்ஸ்பர்ட்டுக்கும் (காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனை) காசநோய்க் கல்ச்சருக்கும் அனுப்ப வேண்டும். ஜீன் எக்ஸ்பர்ட் இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடும். பாசிட்டிவ் என்றால் ஏறக்குறைய உறுதி, நெகட்டிவ் என்றால் காசநோய் இல்லை என்று பொருளல்ல.

கூடலூர் பெரியவர்:

எனக்குக் குரோன் நோய் வந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. பயாப்ஸி (கிள்ளி எடுத்த சதையின் பரிசோதனை) முடிவு குரோன், காசநோய் இரண்டு பக்கமும் சாயாததால் முதலில் இரண்டு மாதம் காசநோய் மருந்து கொடுத்தார்கள். அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. குரோனுக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு எதிர்ப்புச் சக்தியை அடக்குவதால், உள்ளே இருப்பது காசநோயானால் உடம்பெல்லாம் பரவிவிடும் என்று பிறகுதான் விளங்கியது. அந்த மருந்தில் எனக்கு வயிறு கொஞ்சம் தேறியது போலவும் இருந்தது. மறுபடி கொலோனோஸ்கோபி செய்தபோது புண்கள் அப்படியே இருந்தன. அதன் பிறகே குரோன் என்று முடிவு செய்தார்கள். ஆகவே, உடம்பு தேறிவிட்டது என்று அந்த இரண்டாவது கொலோனோஸ்கோபிக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

தம்பி, ஒரு நடைமுறை யோசனை. குடலைச் சுத்தம் செய்யும் மருந்தில் பாதியை முந்தின மாலையும் மீதியை விடியற்காலையும் குடிக்கச் சொல்வார்கள். அதைக் குடித்துவிட்டு மலைப்பாதை வளைவுகளில் பஸ்ஸில் இறங்கலாம் என்று நினைக்கவே வேண்டாம். நான் நினைத்தேன், பாதி வழியில் ஒரு டீக்கடைக்காரர் என் மானத்தைக் காப்பாற்றினார். முதல் நாளே இறங்கி, கழிவறை உள்ள அறையாகப் பார்த்துத் தங்குங்கள். குழாய் விடும்போது மயக்க மருந்து கொடுப்பார்கள். அவர் பயப்படும் அளவுக்கு அதில் ஒன்றுமில்லை.

கட்டபெட்டுக்காரன்:

மூவருக்கும் மிக்க நன்றி. லேப்காரர் ஐயா கேட்டபடி தம்பியிடம் விசாரித்தேன். கணுக்காலும் முழங்காலும் வீங்கி வலிப்பதால் ஒன்றரை மாதமாக மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபினாக் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். டாக்டரிடம் சொன்னாயா என்றேன். கால்வலியைக் குடல் டாக்டரிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்கிறான். இப்போது கால்புரோடெக்டினைத் திரும்பச் செய்துவிட்டுப் பிறகு கொலோனோஸ்கோபிக்குப் போகலாமா?

உதகை வாசகி:

தள்ளிப்போடாதீர்கள். இரத்தமும் ஒன்பது கிலோ எடைக் குறைவும் மாத்திரைக்கு முன்பே தொடங்கிவிட்டன. மூட்டு வீக்கம் குடல் அழற்சி நோயோடு சேர்ந்தே வரக்கூடியது, மாத்திரையோ தானாகவே குடலில் புண் உண்டாக்கக்கூடியது. ஆகவே இரண்டையும் மருத்துவர் அறிந்தாக வேண்டும். இன்றே அவரை அழைத்துச் சொல்லி, அந்த மாத்திரையை நிறுத்துவது பற்றிக் கேளுங்கள். போகும்போது காலி அட்டையையும், எந்தத் தேதியிலிருந்து, நாளுக்கு எத்தனை என்ற குறிப்பையும் எடுத்துச் செல்லுங்கள். துண்டுகளைப் பார்க்கும் என்னைப் போன்றவருக்கும் அந்தக் குறிப்பு வந்து சேர வேண்டும்.