நேட்டாலுக்குப் போன தாத்தாவோட அத்தை

நான்: பெரியப்பா, தாத்தாவோட அத்தை கிடைச்சுட்டாங்க! தென்னாப்பிரிக்காவுல டர்பன் ஆவணக் காப்பகத்துல, நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியா வந்தவங்களோட கப்பல் பட்டியல் பார்த்தேன். அப்பா பேரு நம்ம பழைய பத்திரத்துல இருக்கற அதே பேரு. வயசு 19, ஜில்லா வட ஆற்காடு, தாலுகா போளூர். வந்தது 1909.

பெரியப்பா: முருகா! கண்டிச்சீமைக்குப் போயிட்டாங்கன்னுதான் எங்கப்பா கடைசி வரைக்கும் சொன்னார்.

சித்தி: பேரை வெச்சா கண்டுபிடிச்சே?

நான்: பேரை வெச்சு முடியாது சித்தி. குமாஸ்தா காதுல விழுந்தபடி எழுதியிருக்கார். 1860-லேர்ந்து 1911 வரைக்கும் ஒன்றரை லட்சம் பேர் வந்திருக்காங்க. டிரங்குப் பெட்டியில இருந்த, நேட்டால்ல இருக்கற டொங்காட் ஊர் முத்திரை போட்ட கவர்ல ஆறு இலக்க நம்பர் இருந்துச்சே, அதான் வழிகாட்டுச்சு. வந்த ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர்.

அக்கா: போட்டோ இருக்காடா?

நான்: இல்லக்கா. அங்க அடையாளம் மட்டும்: இடது முழங்கைக்குக் கீழே தீத்தழும்பு.

சித்தி: அடுப்படியில பட்டதா இருக்கும். ஐயோ, சின்னப் பொண்ணு 😢

பெரியப்பா: புருஷன் பேரு என்ன போட்டிருக்கு?

நான்: யாரும் இல்ல பெரியப்பா. முன்னும் பின்னும் இருக்கற நம்பரெல்லாம் வேற ஊர்க்காரங்க. தனியாத்தான் கப்பல் ஏறியிருக்காங்க.

பெரியப்பா: இதை வெளியில சொல்ல வேணாம்பா.

அக்கா: ஏன் சொல்லக்கூடாது? 100 ஆம்பளைக்கு 40 பொம்பளை அனுப்பணும்னு விதி. விதவை, புருஷன் கைவிட்டவங்கன்னு தேடித்தேடி ஆள் பிடிச்சாங்க. கூலியோ ஆம்பளைக்குக் குடுத்ததுல பாதி. அவ்வளவு கஷ்டத்துக்கு நடுவுலயும் ஊருக்குக் கடுதாசி போட்டிருக்காங்க. நாமதான் அவங்க பேரைக்கூட எடுக்காம இருந்துட்டோம்.

பெரியப்பா: …

பெரியப்பா: 16 வயசுல தாலி அறுத்துட்டு வீட்டுக்கு வந்தவங்கம்மா அவங்க. எங்க பாட்டி ஒருதரம் சொன்னாங்க. அதுக்கு மேல கேட்டா அதட்டுவாங்க.

சித்தி: 😭 இத்தனை வருஷமா சொல்லவே இல்லியே மாமா.

நான்: அப்புறம் என்ன ஆச்சுன்னும் பார்க்கணும் பெரியப்பா. 5 வருஷ ஒப்பந்தம், 1914-ல முடிஞ்சிருக்கும். 1913-ல கரும்புத் தோட்டத்து ஜனங்க வேலைநிறுத்தம் பண்ணப்போ அங்கதான் இருந்திருப்பாங்க. ஒப்பந்தம் முடிஞ்சும் தங்கினா வருஷத்துக்கு 3 பவுண்டு வரி, 13 வயசுப் பொண்ணுகூட கட்டணும். அந்தப் போராட்டத்துக்கு அப்புறம்தான் அந்த வரியை ரத்து பண்ணாங்க.

அக்கா: அங்கே பிள்ளைகுட்டி இருந்தா?

நான்: அதே நம்பரை வெச்சுக் கல்யாணப் பதிவையும் பிறப்புப் பதிவையும் கேட்டிருக்கேன். பெரியப்பா, பட்டியல்ல ஊர் பேரு மங்கிப்போய் ‘பாக்கம்’ மட்டும்தான் தெரியுது. பத்திரத்துல என்ன ஊர்?

பெரியப்பா: பீரோவுல இருக்கு. கண்ணாடி போட்டுட்டு வரேன், இரு.