மலச்சிக்கல் என்று நினைத்த இரவு

எங்கள் வீட்டுக் கடுவன் பூனைக்கு அப்போது நான்கு வயது. கருத்தடை செய்யப்பட்டது, வெளியே போகும் பழக்கம் இல்லாதது, காய்ந்த தீவனத்தை மட்டுமே விரும்பித் தின்பது. ஒரு நாள் மாலை அது மணல் பெட்டிக்குள் போய்க் குந்துவதும், ஒன்றும் வராமல் வெளியேறுவதும், ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் போவதுமாக இருந்ததைப் பார்த்தபோது, மலச்சிக்கலாகத்தான் இருக்கும், காலைக்குள் சரியாகிவிடும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். இரவு பத்து மணிக்கு மேல் பின்னங்கால்களுக்கு நடுவே விடாமல் நக்கத் தொடங்கியது. குளியலறைத் தரையில் உட்கார்ந்து அடித்தொண்டையிலிருந்து ஒரு குரல் எழுப்பியது. அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. அதன் பிறகும் தூங்கப் போனேன் என்பதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

காலையில் வாந்தியெடுத்துக் கட்டிலுக்கடியில் சுருண்டு கிடந்தது. அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்த மருத்துவர், என் விரலையும் அதே இடத்தில் மெல்ல வைத்துக் காட்டினார். தோலுக்கடியில் கல்லாக இறுகிய ஒரு பந்து, அதுதான் சிறுநீர்ப்பை. அமுக்கிவிடாதீர்கள், கிழிந்துவிடலாம் என்றும் எச்சரித்தார். ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் நுனியில் மிகவும் குறுகலானது என்பதால், சிறுநீரில் உருவாகும் நுண்படிகங்களும் சளியும் சேர்ந்து அங்கே தக்கைபோல அடைத்துக்கொள்கின்றன. வெளியேற வேண்டிய பொட்டாசியம் இரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பைக் குலைக்கிறது. முழு அடைப்பு ஓரிரு நாள் நீடித்தாலே உயிர் போய்விடலாம். எங்கள் பூனையின் துடிப்பு அதற்குள் குறையத் தொடங்கியிருந்தது. மயக்க மருந்து கொடுத்து, சிறுநீரை வெளியேற்றக் கதீட்டர் என்னும் மெல்லிய குழாயைச் செலுத்தி, மூன்று நாள் உள்நோயாளியாக வைத்துத் திரவம் ஏற்றினார்கள்.

வீடு திரும்பியதும் ஈரத் தீவனத்துக்கு மாற்றினோம்; தண்ணீர்க் கிண்ணங்களைத் தீவனத் தட்டிலிருந்து விலக்கி மூன்று இடங்களில் வைத்தோம். மன உளைச்சலும் இந்த நோயைத் தூண்டும் என்று மருத்துவர் சொன்னபோதுதான், அந்த வாரம் முழுவதும் வீட்டில் சுவருக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. இப்போது மணலை அள்ளும்போதெல்லாம் சிறுநீர் பட்டு உருண்ட ஈரக் கட்டிகளை எண்ணுகிறேன். வீட்டார் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

*

மேலே எழுதியவரைப் போல நானும் ஒரு பூனை வளர்ப்பவன்; என்னுடைய தவறு வேறு வகை. நாயின் முதுகில் விடும் உண்ணி மருந்தில் ஓரளவு மீந்திருந்ததால், எடைக்கேற்பக் குறைத்துவிட்டால் போதும் என்று எண்ணிப் பூனையின் கழுத்திலும் இரண்டு சொட்டு விட்டேன். சில மணி நேரத்தில் காதுகள் துடித்தன. பிறகு தோல் முழுவதும் அலை அலையாக நடுங்கி, கால்கள் நிலைகொள்ளாமல் தள்ளாடின. மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி, டப்பாவில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியின் பெயர் எழுதியிருக்கிறதா என்பதுதான். எழுதியிருந்தது. நாயின் உடல் எளிதில் சிதைத்து வெளியேற்றிவிடும் அந்த மருந்தைப் பூனையின் கல்லீரலால் போதிய வேகத்தில் சிதைக்க இயலாது. ஆகவே அளவைக் குறைத்ததால் எந்தப் பயனும் இல்லை. அவர் சொன்னபடி, பாத்திரம் கழுவும் சோப்பைக் கொண்டு வெதுவெதுப்பான நீரில் கழுவித் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைத்துக்கொண்டது. அந்த மருந்து போட்ட நாயோடு ஒட்டி உறங்கினாலும், அதன் ரோமத்தை நக்கினாலும் பூனைக்கு இதே நிலைமை வரக்கூடும் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். இன்று என் வீட்டில் இரண்டுக்கும் தனித்தனி மருந்துப் பெட்டி.

*

எங்கள் ஒன்பது வயதுப் பெட்டை நாய் அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்ததை வெயிலின் மீது பழிபோட்டே ஒரு வாரத்தைக் கழித்தேன். சந்தேகம் வந்து கிண்ணத்தில் அளந்து ஊற்றியபோது ஒரே நாளில் கிட்டத்தட்ட 3 லிட்டர் காலியாகியிருந்தது. அதன் எடையோ 18 கிலோ. கிலோவுக்கு 100 மில்லிலிட்டரைத் தாண்டினாலே பரிசோதிக்க வேண்டும் என்றார் மருத்துவர். ஸ்கேனில் கருப்பை முழுவதும் சீழ் நிரம்பியிருந்தது. கருத்தடை செய்யாத பெட்டைகளுக்கு இனச்சேர்க்கைப் பருவம் முடிந்த சில வாரங்களில் இது வருவதுண்டு. கருப்பை வாய் மூடியிருந்தால் வெளியே கசிவும் தெரியாது. அன்று மாலையே கருப்பையை அகற்றினார்கள். குட்டி வேண்டாம் என்று முடிவு செய்திருந்தும் அறுவை சிகிச்சையை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டது நான்தான்.

முதலில் எழுதியவரிடம் ஒன்று கேட்க வேண்டும்: உங்கள் பூனைக்கு அடைப்பு மறுபடியும் வந்ததா?

*

வந்தது. வீடு திரும்பிய ஆறாம் நாள். மணலில் கட்டி ஒன்றுகூட இல்லை என்று கண்டபோது இரவு இரண்டு மணி. இரண்டரைக்கு மருத்துவமனைக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தோம். சிறுநீர்ப்பை அப்போது முழுதாக இறுகியிருக்கவில்லை.