கொர்வேர் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள், கழற்றிப் பூட்டியவர்கள் எழுதுங்கள்

ஷெவர்லே கொர்வேர் என்றாலே "கவிழ்ந்துவிடும் வண்டி" என்ற பேச்சுதான் முதலில் வருகிறது. 1960 மாடலாக வந்து 1969 மே மாதம் மிச்சிகன் மாநிலத்து வில்லோ ரன் ஆலையில் கடைசி வண்டி இறங்கும்வரை 18 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். பின்பக்கத்தில் எஞ்சின், ஆறு சிலிண்டரும் மும்மூன்றாக இரு பக்கமும் படுத்த நிலையில், ரேடியேட்டரே கிடையாது, காற்றிலேயே குளிரும். அமெரிக்காவில் இவ்வளவு எண்ணிக்கையில் இப்படி இன்னொரு கார் வந்ததில்லை. அதைத் துணிந்து கொண்டுவந்த அன்றைய ஷெவர்லே தலைவர் எட் கோலின் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

கெட்ட பெயரின் கணக்கை முதலில் தீர்த்துவிடலாம். 1960 முதல் 1964 வரை பின் ஆக்ஸில் 'ஸ்விங் ஆக்ஸில்' வகை. அரை ஆக்ஸில் ஒவ்வொன்றும் உள்பக்கம் டிஃபரென்ஷியல் அருகே மட்டும் மடங்கும், சக்கரத்துப் பக்கம் மடங்காது. வேகமாக வளைவில் திருப்பினால் வண்டியின் பின்புறம் மேலெழும், வெளிப்பக்கச் சக்கரம் வண்டிக்கு அடியில் மடியும், டயர் பிடி இழக்கும். இதைத் தடுக்கக் கம்பெனி கொடுத்த மருந்து டயர் காற்று: குளிர்ந்த நிலையில் முன்னால் 15 பிஎஸ்ஐ, பின்னால் 26. முன் டயர் மெத்தென்று இருந்தால் முன்பக்கம் முதலில் வழுக்கும், ஓட்டுகிறவருக்கு எச்சரிக்கை கிடைக்கும். ஆனால் பெட்ரோல் பங்கில் நான்குக்கும் ஒரே அளவு அடித்துவிடுவார்கள், மருந்து போய்விடும். முன்பக்க ஸ்டெபிலைசர் பாரை (வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பி) தொடக்கத்திலேயே எல்லா வண்டிக்கும் பூட்டியிருக்க வேண்டும். காசு மிச்சம் பிடித்தது பெரிய தவறு, இதில் கம்பெனிக்காகப் பரிந்து பேச எனக்கு மனமில்லை.

1964-இல் அந்த பாரும், பின்னால் குறுக்கே ஒரு பட்டை வில்லும் (லீஃப் ஸ்பிரிங்) எல்லா வண்டிக்கும் வந்தன. 1965-இல் பின் சஸ்பென்ஷனையே மாற்றி, இரு முனையிலும் மடங்கும் ஆக்ஸில் வைத்தார்கள். வழக்கறிஞர் ரால்ஃப் நேடர் இந்த வண்டியைச் சாடி எழுதிய புத்தகம் வெளியானது 1965 நவம்பரில். அதாவது, திருத்தப்பட்ட வண்டி ஏற்கெனவே கடையில் நின்றுகொண்டிருந்தபோது. 1972-இல் அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்புத் துறை 1963 மாடலை அந்தக் காலத்து மற்ற வண்டிகளோடு ஓட்டிச் சோதித்து, கட்டுப்பாடு இழப்பதிலோ கவிழ்வதிலோ இது மற்றவற்றைவிட மோசமில்லை என்று அறிக்கை கொடுத்தது. வண்டி நின்று மூன்று வருடம் ஆன பிறகு வந்த நற்சான்று அது.

உண்மையான குறைகள் வேறு. தெரிந்தவர்கள் அவற்றை எழுதுங்கள்.

* * *

உண்மையான குறை என்றால் முதலில் விசிறி பெல்ட்.

கிராங்க் புல்லி வண்டியின் பின்கோடியில் நிமிர்ந்து சுற்றுகிறது. குளிரூட்டும் விசிறியோ எஞ்சினின் தலைமேல் படுக்கையாகச் சுற்றுகிறது. இரண்டுக்கும் ஒரே பெல்ட். கீழிருந்து ஏறி, ஒருபக்கம் ஐட்லர் (பெல்ட்டைத் திருப்பி இறுக்கும் துணைப் புல்லி) மேலும் மறுபக்கம் ஜெனரேட்டர் மேலும் தொண்ணூறு டிகிரி திரும்பி, விசிறியைச் சுற்றி மறுபடி இறங்க வேண்டும். வழியில் பெல்ட் முறுக்கிக்கொள்கிறது. அதனால் சாதாரண பெல்ட் இதற்கு ஆகாது. பக்கவாட்டில் ரப்பர் வெட்டுமுகம் தெரியும் பெல்ட்டை வாங்காதீர்கள். அது புல்லியைக் கவ்விப் பிடித்து, திரும்பும் இடத்தில் புரண்டு வெளியே விழும். முழுக்கத் துணி சுற்றிய பெல்ட்தான் வேண்டும், கொஞ்சம் வழுக்கினால்தான் அது பிழைக்கும்.

இன்னொன்று: பெல்ட்டின் இறுக்கம். மற்ற வண்டிகளில் பழகிய கை இங்கே அதிகமாக இழுத்துவிடும். அதனால் ஐட்லர் பேரிங்கும் விசிறி பேரிங்கும் சீக்கிரம் தேயும், பெல்ட்டும் தாங்காது. சறுக்காத அளவுக்கு இறுக்கினால் போதும். குளிர்காலம் முழுக்க நிறுத்திவைத்த வண்டியில் புல்லிப் பள்ளத்தில் துரு பிடித்திருக்கும், அது பெல்ட்டைத் தின்றுவிடும். எமரித் தாளால் தேய்த்து வழவழப்பாக்கிய பிறகே புது பெல்ட் போடவும். புல்லி ஓரத்தில் பெல்ட் தாவாமல் தடுக்கும் சிறு காவல் தகடுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய மெக்கானிக்குகள் கழற்றி எறிந்திருப்பார்கள்.

டாஷ்போர்டில் 'ஜென்-ஃபேன்' விளக்கு எரிந்தால் உடனே ஓரங்கட்டி எஞ்சினை அணைக்க வேண்டும். அடுத்த ஊர்வரை போய்ப் பார்க்கலாம் என்று நினைக்கக் கூடாது. பெல்ட் இல்லையென்றால் காற்று இல்லை, அலுமினிய ஹெட் சூடேறி வால்வு சீட் தளர்ந்துவிடும். கொர்வேர்க்காரர்கள் டிக்கியில் ஒரு பெல்ட்டும் ஒரு 9/16 ஸ்பேனரும் எப்போதும் வைத்திருப்பது இதற்காகத்தான். (டிக்கி முன்பக்கம் என்பதைப் புதியவர்கள் நினைவில் வையுங்கள்.)

* * *

ஆயில் ஒழுகுவதைப் பற்றி யாரும் இன்னும் தொடவில்லையே. இந்த வண்டியின் மேல் உள்ள பாதி வெறுப்பு அதனால்தான் வந்தது.

சிலிண்டர்களுக்கு அடியில் 12 புஷ்ராடு (வால்வைத் திறக்கத் தள்ளும் தண்டு) குழாய்கள் ஓடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் இரு முனையிலும் ஓ-ரிங், ஆக மொத்தம் 24. அந்தக் காலத்து ரப்பர் இந்தச் சூட்டில் கல்லாக இறுகிவிடும். ஆயில் சொட்டி எக்ஸாஸ்ட் மேல் விழுந்து புகையும். கேபினுக்குச் சூடு தருவது சிலிண்டர்களைக் கடந்து வரும் அதே காற்று என்பதால் நாற்றம் நேரே உள்ளே வரும். இப்போது சூட்டைத் தாங்கும் விட்டான் ரப்பரில் ஓ-ரிங் கிடைக்கிறது. ஒருமுறை சரியாகப் போட்டால் பல வருடம் தாங்கும்.

எஞ்சினை இறக்காமலே செய்யலாம். கீழ்த் தகடுகளைக் கழற்றி, வால்வு கவரை எடுத்து, ராக்கரை (வால்வை அழுத்தும் நெம்புகோல்) தளர்த்தி, புஷ்ராடை உருவுங்கள். பிறகு ராக்கர் ஸ்டட், கைடு. இங்கே கவனம் தேவை: அந்த ஸ்டட்கள்தான் ஹெட்டையும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றாமல் சிலிண்டர் சிலிண்டராகப் போங்கள். குழாயை முதலில் திருகி விடுவித்து, பிறகு ஹெட் வழியே வெளியே இழுக்க வேண்டும். உட்காரும் இடத்தில் ஒட்டியிருக்கும் பழைய ரப்பர்த் துணுக்கைச் சுரண்டாமல் விட்டால் புது ரிங்கும் ஒழுகும். ரிங்கில் ஆயில் தடவி, மரச்சுத்தியால் மெதுவாகத் தட்டி உட்கார வையுங்கள். திருப்பிப் போடும்போது புஷ்ராடில் பக்கவாட்டில் ஓட்டை உள்ள முனை ராக்கர் பக்கம் வர வேண்டும். கடைசியில் வால்வு சரிசெய்தல்: ராக்கர் நட்டை, ஆட்டம் நின்ற இடத்திலிருந்து முக்கால் முதல் ஒரு சுற்று இறுக்குங்கள்.

அப்படியும் சொட்டினால் ஆயில் கூலரின் சீல்களைப் பாருங்கள், அடுத்து வால்வு கவர். கவர் போல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கினால் தகட்டின் விளிம்பு வளைந்துவிடும், எத்தனை கேஸ்கட் மாற்றினாலும் ஒழுக்கு நிற்காது.

நாற்றத்தைவிடப் பயப்பட வேண்டியது கார்பன் மோனாக்சைடு. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள பேக்கிங் வளையங்கள் தேய்ந்திருந்தால் ஹீட்டரைத் திறக்கவே கூடாது. ஆறையும் மாற்றிவிட்டுத் திறங்கள்.

* * *

ஹெட்டைக் கழற்றும் வாய்ப்பு வந்தால் இன்னொரு வேலையும் பாருங்கள். வார்ப்பின்போது மிஞ்சிய அலுமினிய மென்தகடு குளிரூட்டும் துடுப்புகளின் நடுவே பல ஹெட்களில் அப்படியே இருக்கிறது. காற்று போகும் வழி அடைபடுகிறது. மெல்லிய அரத்தால் பொறுமையாக நீக்கினால் சூடு குறையும். கொட்டகையில் கிடந்த வண்டி என்றால் மேல் மூடிக்குக் கீழே எலிக்கூடு இருக்கும், அதை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

* * *

ஐட்லிங் சரியில்லை என்று கார்புரேட்டரைக் குறை சொல்வார்கள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ராச்செஸ்டர் கார்புரேட்டர்கள், இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். இணைப்புக் கம்பியை விடுவித்து ஐட்லிங்கில் சமப்படுத்தி, பிறகு கம்பியை மாட்டி லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்து மறுபடி சமப்படுத்துங்கள். இரண்டாவதைச் செய்யாமல் விடுவதால்தான் ஓட்டும்போது குலுங்குகிறது.

* * *

வாங்க நினைப்பவர்களுக்கு: 1965-க்குப் பிந்தைய மான்ஸா (கொர்வேரின் ஒரு வகை), இரண்டு கார்புரேட்டர் 110 குதிரைத்திறன் எஞ்சின், நான்கு கியர். அதுதான் என் தேர்வு. நான்கு கார்புரேட்டர் 140 குதிரைத்திறன் எஞ்சின் வேகமானது, ஆனால் வால்வு சீட் கழன்று விழுந்த பெயர் அதற்கு உண்டு. அழகு என்று பார்த்தால் 1965 கூபேயின் பின் தோள் வளைவுக்கு ஈடாக அந்தக் காலத்து டெட்ராய்ட்டில் நான் எதையும் சொல்லமாட்டேன். வேலைக்கு என்றால் ராம்ப்சைடு பிக்கப். வலப்பக்கச் சுவரே சாய்ந்து தரையைத் தொடும், பீப்பாயை உருட்டியே ஏற்றலாம்.

துருதான் எதிரி. கண்ணாடிக்குக் கீழே முன்பக்க வடிகால், பின் கண்ணாடியின் அடி விளிம்பு, கதவுக்கு அடியில் உள்ள பெட்டிப் பகுதி, மூன்றையும் குத்திப் பாருங்கள். தனிச் சட்டம் கிடையாது, உடம்பே சட்டம், அது அரித்தால் வண்டியே போச்சு. எஞ்சின் உதிரி பாகம் பற்றிக் கவலை வேண்டாம். மாசசூசெட்ஸில் கொர்வேர் பாகங்களுக்கென்றே இயங்கும் கிளார்க்ஸ் கடையின் கேட்டலாக்கில் பெரும்பாலும் எல்லாம் இருக்கும்.

* * *

பின் சக்கர பேரிங்கை யாரும் சொல்லவில்லை. 1965-69 வண்டிகளில் அதற்கு கிரீஸ் ஏற்றும் வழியே வைக்கவில்லை. இத்தனை வருடத்தில் உள்ளே கிரீஸ் காய்ந்து போயிருக்கும். பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைக் கையால் சுற்றிக் காது கொடுங்கள், மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கரகரப்பு கேட்டாலோ ஆட்டம் இருந்தாலோ நெடுஞ்சாலைக்கு எடுக்க வேண்டாம், சக்கரம் தண்டோடு கழன்று வரும். மாற்றும்போதே கிரீஸ் நிப்பிள் பொருத்திய ஹவுசிங் கேட்டு வாங்குங்கள்.