மகாஸ்தான இளவரசர் பிழைத்திருந்தால் மட்டக்களப்பின் கதை மாறியிருக்குமா?

கோட்டைமுனை ஆசிரியை:
சென்ற கிழமை பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளைப் புளியந்தீவுக் கோட்டைக்குக் கூட்டிச் சென்றேன். 1638 மே மாதம் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) இக்கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்து, சில நாள்களுக்குள் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனோடு ஒப்பந்தம் செய்த கதையைக் கேட்ட மாணவி ஒருத்தி, பீரங்கியில் சாய்ந்தபடி, "அவருக்கு மூத்தவர் ஒருவரும் இல்லையா, டீச்சர்?" என்றாள். இருந்தார். முன்பு கண்டியை ஆண்ட முதலாம் விமலதர்மசூரியனுக்கும் டோனா கதரினா எனப்பட்ட குசுமாசனதேவிக்கும் பிறந்த மகாஸ்தான இளவரசர். 1604 இல் தந்தை இறந்ததும் அவரின் உறவினர் செனரத் அரசியை மணந்து ஆட்சிக்கு வந்தார்; இராஜசிங்கன் அவர்களின் மகன். 1612 இல் இளவரசரும் மறு ஆண்டில் தாயும் இறந்தார்கள். அந்தப் பிள்ளை முடிசூடியிருந்தால் ஒல்லாந்தர் நம் கரையில் இவ்வளவு எளிதாகக் காலூன்றியிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

தாழங்குடாவான்:
அக்கா, இதை நான் ஏற்கமாட்டேன். கண்டியிடம் கடற்படை இல்லை. போர்த்துக்கேயரைக் கடலில் மறிக்க வேண்டுமானால் எந்த அரசனும் இன்னொரு வெள்ளையரைத்தான் தேடியிருப்பான். 1602 இல் மட்டக்களப்பில் இறங்கிக் கண்டிக்குப் போன ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கனிடம் விமலதர்மசூரியனே என்ன சொன்னார்? ஒல்லாந்தர் கோட்டை கட்ட வந்தால், தானும் அரசியும் இளவரசரும் இளவரசியும் கல்லையும் சுண்ணாம்பையும் தோளில் சுமப்போம் என்றார். தகப்பன் திறந்த கதவை மகன் அடைத்திருப்பானா?

கோட்டைமுனை ஆசிரியை:
தம்பி, அடுத்த ஆண்டை விட்டுவிட்டீர்கள். 1603 இல், பிடித்த போர்த்துக்கேயக் கப்பல்களை டி வேர்ட் என்னும் ஒல்லாந்தத் தளபதி விடுவித்ததால் அரசர் சினந்திருந்தார்; விருந்தில் அவன் அரசியை இழிவாகப் பேசியதும், அவனும் உடன் வந்தவர்களும் இதே மட்டக்களப்பில் வெட்டப்பட்டார்கள். தாயைப் பழித்தவனின் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, 1638 இல் தாளில் கைவைக்கும் முன் ஒவ்வொரு வரியையும் இருமுறை வாசித்திருக்கும். பிடித்த கோட்டைகளில் அரசன் விரும்பினால் மட்டுமே ஒல்லாந்தப் படை தங்கலாம் என்ற வாசகம் அரசனின் பிரதியில் இருந்தது, அவர்களின் பிரதியில் இல்லை என்பதைத்தானே இஞ்சி கொடுத்து மிளகாய் வாங்கிய கதையாக வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம்?

காத்தான்குடி வாசகன்:
இருவரும் செனரத்தைத் தாண்டிப் போகிறீர்கள். இளவரசரின் சாவில் அவர் மீது ஐயம் எழுந்தது உண்மை. ஐயத்தைத் தீர்ப்பாக்கக் கூடாது. போர்த்துக்கேயர் 1626 இல் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, பெருந்தொகையானோரைக் கிழக்கில் குடியமர்த்தியவர் அவர்தான். அந்த இளவரசர் ஆண்டிருந்தால் எங்கள் மூதாதையருக்கு இடம் கிடைத்திருக்குமா என்று நானும் கேட்கலாமல்லவா, டீச்சர்? இன்னொன்று: செனரத்தின் பிள்ளைகள் மூவர் நாட்டைப் பங்கிட்ட பின்பும் அவர்களில் ஒருவரான விஜயபாலன் போர்த்துக்கேயரிடம் போய்ச் சேர்ந்தார். நாலாவதாக மூத்தவர் ஒருவர் இருந்திருந்தால் 1638 வரை கண்டியே மிஞ்சியிருக்குமோ தெரியாது.

தாழங்குடாவான்:
நானா சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். நல்ல அரசனாகியிருப்பான் என்று இறந்த பிள்ளையைப் பற்றி எவரும் சொல்லலாம், ஏனெனில் தவறு செய்ய அவனுக்குக் காலமே கிடைக்கவில்லை. இராஜசிங்கனுக்குக் கிடைத்தது ஐம்பது ஆண்டு ஆட்சி. அதனால்தான் அவரில் இத்தனை குறை காண்கிறோம்.

கோட்டைமுனை ஆசிரியை:
நீங்கள் சொல்வது என்னைத் தைக்கிறது. சகோதரச் சண்டையை நான் எண்ணவே இல்லை. ஆயினும் இந்தக் கற்பனையை முற்றாக விட மனமில்லை. தந்தை கண்டியைக் கைப்பற்றியதும் அரசியை மணந்ததும் போர்த்துக்கேயரைத் தோற்கடித்த 1594 தந்துறைப் போருக்குப் பிறகுதான். ஆகவே ஸ்பில்பேர்கன் பார்த்தபோது பிள்ளைக்கு ஏழெட்டு வயதுக்கு மேல் இராது, இறந்தபோது பதினெட்டைத் தாண்டியிராது. இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டிய பிறகுதான் பிள்ளைகள் அவரை ஒரு ஆளாக நினைத்தார்கள். அதே மாணவி கேட்டாள்: "கல்லுச் சுமக்கச் சொல்லும்போது அவரிட்டக் கேட்டவங்களா?"

தாழங்குடாவான்:
அந்தக் கேள்விக்கு நான் எதிரியில்லை, அக்கா. ஒப்பந்தத்தைப் பற்றிச் சொன்னதில் மாற்றமும் இல்லை.