கறிவேப்பிலைக் கொழுந்து மஞ்சளாகிறது: வேர்மண்ணை எவ்வளவு மாற்றலாம்?

சிங்கப்பூர் ஈசூனில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, 4ஆம் மாடித் தாழ்வாரம், காலை வெயில் மட்டும். பெரியம்மா விட்டுப்போன பதினோரு தொட்டிகளில் பத்தை ஒழுங்குபடுத்தியாகிவிட்டது. மிச்சம் இந்தக் கறிவேப்பிலைதான்: இடுப்பளவு உயரம், 40 செ.மீ. மண்தொட்டி.

மூன்று மாதமாகப் புதுக் கொழுந்து வெளிறி மஞ்சளாக வருகிறது, நரம்பு மட்டும் பச்சை. அடியிலை கரும்பச்சையாகவே இருக்கிறது. அதனால் தழைச்சத்துக் குறை இல்லை (அதில் முதலில் பழுப்பது அடியிலை). இரும்புச்சத்துக் குறைபோல்தான் தெரிகிறது.

செய்து பார்த்தவை: லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில சொட்டு பாத்திரச் சோப்பும் கலந்து வாரம் ஒருமுறை தெளித்ததில் செதில் பூச்சி ஒழிந்தது, நிறம் மாறவில்லை. எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) இருமுறை, பலனில்லை. இடிடிஏ வகை இரும்பு (வேர் எடுக்கும்படி இரும்பைக் கரைந்த நிலையில் பிடித்துவைக்கும் கலவை) ஊற்றியதில் ஒரு கொத்து மட்டும் பச்சையானது, அடுத்த கொழுந்து மறுபடி மஞ்சள். மண்ணின் பிஎச் (அமில-கார அளவு) 7.6, அதாவது சற்றுக் காரம்; அந்த அளவில் இடிடிஏ இரும்பு மண்ணில் நிலைக்காது.

ஓரத்தைக் கிளறினால் முட்டையோட்டுத் தூள் ஒரு விரற்கடைக்குப் படிந்திருக்கிறது. அடியில் வடிகாலுக்கென்று உடைத்த சிமெண்ட் கட்டிகள், அவற்றைச் சுற்றி வேர் பின்னியிருக்கிறது. பிஎச்சை ஏற்றும் சுண்ணாம்பு இவை இரண்டிலிருந்தும்தான் வருகிறது. தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விடவேண்டும், இதைவிடப் பெரிய தொட்டி வைக்க இடமில்லை.

இந்த டிசம்பர் மழையில் வேர்மண்ணை முழுக்கக் கழுவி மாற்றினால் செடி தாங்குமா, அல்லது வெளிப்புறத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் சுரண்டி மாற்றுவதா?