முட்டத்தறையில் 2 வருஷம்: விமானச் சத்தம்

சாலைக் கடைத்தெருவில் எங்களுக்குப் பாத்திரக் கடை. வாடகை குறைவு என்று முட்டத்தறையில் வீடு பிடித்தோம், திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குத் தெற்கே. பகல் 11 மணிக்குப் போய்ப் பார்த்து உடனே முன்பணம் கொடுத்ததுதான் தப்பு. அப்போது கைக்குழந்தை வேறு.

எங்கள் தலைக்கு மேல் பெரும்பாலும் இறங்குகிற விமானங்கள்தான். 3 டிகிரி சரிவில் வருவதால் ரன்வேக்கு 1 கிலோமீட்டர் முன்னால் உயரம் சுமார் 70 மீட்டர்தான். இன்ஜினை அடக்கித்தான் வரும். ஆனாலும் கீழே நீட்டிய சக்கரத்திலும் இறக்கை மடிப்புகளிலும் காற்று மோதிச் சீறும். அதுகூடப் பழகிவிட்டது.

சில நாள் மட்டும் அடுக்களைக் கூடையில் எவர்சில்வர் தட்டுகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும், ஜன்னல் கண்ணாடி அதிரும். பக்கத்து வீட்டு நாகர்கோவில் அண்ணாச்சி விமான நிலையத்தில் சுமை ஏற்றி ஓய்வு பெற்றவர். கேட்டேன்.

"காத்து மாறிட்டுல்லா மக்களே, இன்னைக்கு நம்ம பக்கமாத்தான் ஏறும்" என்றார்.

எதிர்காற்றில்தான் ஏறவும் இறங்கவும் வேண்டும். காற்று திசை மாறினால் ஏறுகிற விமானம் நம் கூரைக்கு வந்துவிடும். வளைகுடாவுக்குப் போவது எரிபொருளும் ஆளும் நிறைந்து கனத்துக் கிடக்கும், மெதுவாகத்தான் உயரும். வெயில் ஏறினால் காற்று லேசாகி இன்னும் தாழ்வாகவே போகும். புது நியோ ரக ஏர்பஸ் போனால் வித்தியாசம் காதுக்கே தெரியும். அதில் இன்ஜினின் முன்விசிறி பெரிது, காற்றை நிதானமாகத் தள்ளும், சத்தம் குறைவு.

விடியற்காலைதான் கொடுமை. தெளிந்த இரவில் தரை குளிர்ந்து, மேலே வெதுவெதுப்பான காற்று மூடியிருக்கும். மேலே போக வேண்டிய சத்தம் வளைந்து தரைக்கே திரும்பும். தெருவிலும் வேறு இரைச்சல் கிடையாது. குழந்தை வீறிட்டு எழும்.

கரமனையில் அத்தை வீட்டில் இந்தத் தொந்தரவே இல்லை. தூரம் மட்டும் காரணமில்லை, அந்த வீடு ரன்வேயின் நேர்கோட்டை விட்டு விலகி இருக்கிறது. வீடு தேடுகிறவர்கள் மேப்பில் ரன்வேயை இரண்டு பக்கமும் கோடு நீட்டிப் பாருங்கள். விடியற்காலை 4 மணிக்கு அந்தத் தெருவில் அரைமணி நேரம் நில்லுங்கள்.

வருஷத்தில் இரண்டு சாயங்காலம் எங்களுக்கு விடுதலை. பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமியைக் கடலில் நீராட்டக் கொண்டுபோகும் ஆறாட்டு ஊர்வலம் ரன்வேயைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். சுமார் 5 மணி நேரம் விமானமே கிடையாது. அந்த ஐப்பசி ஆறாட்டன்றுதான் குழந்தை சாயங்காலம் தூங்கி இரவு 8 மணிக்குத் தானாகக் கண் விழித்தாள்.